ஓரிடம், குளித்தலை வழி

16 மார்ச் 1942, திங்கள்

சவர பிளேடு திருச்சியில் எந்தக் கடையிலும் இல்லை. ஒரே பிளேடுடன் இது பதினோராவது நாள். மோவாயில் இரண்டு வெட்டு.

இந்த நோட்டு, அச்சில் வீணான நோட்டீஸ்களைத் திருப்பிப் போட்டு நானே தைத்தது. பத்திரிகையில் எழுத முடியாதவற்றை எழுதி வைக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா. ‘பொன்னிச் செய்தி’ மாலைப் பத்திரிகையில் நான் உதவி ஆசிரியர். பெயர் தாயுமானவன், வயது இருபத்தெட்டு. தந்திச் செய்திகளை மொழிபெயர்ப்பது, புரூஃப் பார்ப்பது, ஆசிரியர் அம்பலவாணர் ஐயா கண்ணாடியைத் தேடும்போது அது அவர் நெற்றியில் இருக்கிறது என்று சொல்வது, இவை என் வேலைகள்.

இன்று தணிக்கை அதிகாரி வந்து சேர்ந்தார். பெயர் தேவசகாயம், திருநெல்வேலிப் பக்கம். போன மாதம்வரை உப்பு இலாகாவில் இருந்தாராம். கையில் ஒரு நீலப் பென்சில். யாரோ பறித்துக்கொள்வார்கள் என்பதுபோல இறுகப் பிடித்திருந்தார்.

“யுத்த காலம் பாத்துக்கிடுங்க. எந்த ஊர்ல என்ன நடக்குன்னு எதிரிக்குத் தெரியப்படாது. பட்டாளம், ரயில், பாலம், கூட்டம், மழை, எது நடந்தாலும் ஊர்ப்பேரு வரப்படாது” என்றார்.

“ஊர் பேரே இல்லாம ஊர்ச் செய்தி எப்படிங்க போடறது?” என்று கேட்டார் ஆசிரியர்.

“‘ஓரிடத்தில்’னு போடுங்க. லண்டன்லயே அப்படித்தான் போடுதாங்க.”

லண்டன் என்றதும் ஆசிரியர் அடங்கிவிட்டார்.

19 மார்ச், வியாழன்

இன்றைய முதல் பக்கம்: ஓரிடத்தில் துருப்புகள் வந்து இறங்கின. ஓரிடத்தில் ரயில் பெட்டி தடம் புரண்டது. ஓரிடத்தில் நல்ல மழை. ஓரிடத்தில் மாடு காணவில்லை.

மாட்டுக்குமா என்று கேட்டேன். “மாடு எந்த ஊர்ல இல்லைன்னு தெரிஞ்சா, அந்த ஊர்ல பால் இல்லைன்னு தெரிஞ்சிரும். பால் இல்லைன்னா பட்டாளத்துக்கு டீ இல்லை” என்றார் தேவசகாயம். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பயம்தான் இருந்தது. பாவம்.

23 மார்ச், திங்கள்

பகல் பதினொரு மணிக்கு அச்சுக் கோப்பவர் இன்னாசி எழுந்து வந்து என் மேஜைமுன் நின்றார்.

“சார், ‘ஓ’ தீந்துபோச்சு.”

“என்ன?”

“‘ஓ’ சார். மொத்தம் நாப்பது எழுத்து வச்சிருந்தேன். நாப்பதையும் உங்க ஓரிடம் தின்னுடுச்சு. இனிமே ஓடினான்னு ஒருத்தனும் ஓடக்கூடாது. ஓலைகூட வரக்கூடாது.”

பிற்பகல் அவரே பழைய ஈயத்தை உருக்கக் கொண்டுபோய், ‘ஓரிடத்தில்’ என்ற சொல் முழுவதையும் ஒரே கட்டையாக வார்த்து, அறுபது கட்டைகள் எடுத்துவந்தார். அவற்றுக்கென்று தனி டப்பா. இன்னாசி இனி அந்தச் சொல்லைக் கோக்க வேண்டியதில்லை. எடுத்து வைத்தால் போதும்.

28 மார்ச், சனி

ஒரு தபால் கார்டு வந்தது. குண்டு குண்டான அழகிய கையெழுத்து.

‘ஐயா, போன வாரம் வியாழக்கிழமை உங்கள் பத்திரிகையில் ரயில் பெட்டி தடம் புரண்ட ஓரிடம் மணப்பாறை. பயணிகள் முறுக்குத் தின்றபடி மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள் என்று நீங்களே எழுதிவிட்டு ஊரை மறைத்தால் எப்படி? இப்படிக்கு, வாசகர், ஓரிடம்.’

ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். முறுக்கு வாக்கியத்தை எழுதியவன் நான் என்பதால் எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

2 ஏப்ரல், வியாழன்

இன்னொரு கார்டு. ‘பூட்டுத் தொழிலாளர்கள் கூட்டம் நடத்திய ஓரிடம் திண்டுக்கல். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிஷம் ஆயிற்று. எதிரிக்கு ஒரு நிமிஷம் ஆகலாம். வாசகர், ஓரிடம்.’

வேட்டி வெளுப்புக்குப் போட்டு ஒன்பது நாள் ஆகிறது.

8 ஏப்ரல், புதன்

கொழும்பில் குண்டு. விசாகப்பட்டினத்திலும் குண்டு. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயில் ரயிலாக வந்து இறங்குகிறார்கள். நான் சாப்பிடும் மெஸ்ஸில் சாம்பார் தண்ணீராகிவிட்டது. ஒருவர் தையல் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

இந்த நேரம் பார்த்து ஐந்தாவது கார்டு தேவசகாயத்தின் கையில் அகப்பட்டது. நேற்றைய பத்திரிகையில் வந்த நான்கு ஓரிடங்களையும் வரிசையாகக் கண்டுபிடித்து எழுதியிருந்தது. தேவசகாயத்துக்கு வியர்த்துவிட்டது.

“இது வாசகர் இல்லை தம்பி. உளவாளி. மேலிடத்துக்குத் தெரிஞ்சா பத்திரிகையை மூடிருவாக. என்னைத் திரும்ப உப்பளத்துக்கு அனுப்பிருவாக. ஒரு வாரத்துல ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

கார்டுகளில் குளித்தலைத் தபால் முத்திரை. விசாரிக்க என்னைப் போகச் சொன்னார் ஆசிரியர். “உமக்குத்தான் பிள்ளை குட்டி இல்லை” என்றார்.

10 ஏப்ரல், வெள்ளி

குளித்தலை போனேன். உளவாளியைக் கண்டுபிடிக்க நான் போட்டிருந்த திட்டங்கள் ஏழு. ஒன்றுக்கும் தேவை ஏற்படவில்லை. ஸ்டேஷன் வாசலில் தபால்காரரிடம் கார்டைக் காட்டியதுமே, “ஓரிடம்னு போடறவங்களா? அது நம்ம சோடாக்கடை டீச்சரம்மா” என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

கடைக்குப் பின்னால் வீடு. கடைக்காரர் பொன்னுசாமி உடையார். பெரிய மீசை, பெரிய குரல். அவர் மகள் செங்கமலம், பெண்கள் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. கையில் சாக்குக்கட்டித் தூளுடன் வந்து நின்றார்.

“என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போக வந்திருக்கீங்களா?”

“விசாரிக்க வந்திருக்கேன்.”

“அப்ப உக்காருங்க. நின்னுக்கிட்டு என்ன விசாரணை?”

உட்கார்ந்தேன். உடையார் ஓர் இஞ்சி சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார். இஞ்சி சோடா குடித்துக்கொண்டு யாரையும் மிரட்ட முடியாது என்பதை இன்று அறிந்தேன். கேள்விக்கு ஓர் ஏப்பம் வந்தது.

எதற்காக இப்படிக் கார்டு எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். ஆசிரியை உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் கடிதங்கள். தம்பி நல்லமுத்து போன வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தானாம். இருபது வயது. அவன் எழுதும் ஒவ்வொரு கடிதமும் ‘ஓரிடத்தில் நலமாக இருக்கிறேன்’ என்றுதான் தொடங்குகிறது. ஊர்ப்பெயர் எழுதக்கூடாது என்று உத்தரவு.

“அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும். எழுதின மத்த வரிகளை வச்சுக் கண்டுபிடிக்க முடியுமான்னு பாத்தேன். அதுக்குப் பழக்கம் வேணுமில்லையா? உங்க பத்திரிகையை வச்சுத்தான் பழகிக்கிட்டேன். உங்க ஓரிடம் ரொம்பச் சுலபம். அவனோடதுதான் கஷ்டம்.”

“கண்டுபிடிச்சீங்களா?”

“லிபியா” என்றார்.

காரணமும் சொன்னார். கண்ணுக்கெட்டிய தூரம் மணல் என்று எழுதியிருக்கிறான். பகலில் தாங்க முடியாத வெயிலாம். ஆனால் ‘என்னைச் சுற்றி எப்போதும் கம்பளிதான்’ என்றும் எழுதியிருக்கிறான். பகலில் கொதித்து இரவில் குளிரும் இடம் பாலைவனம். மூன்றாம் வகுப்புப் பூகோளத்தில் இருக்கிறது. நம் பட்டாளம் சண்டையிடும் பாலைவனம் எது? லிபியா.

தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. நான் பிரமித்துப்போனேன். ஏப்பமும் நின்றுவிட்டது.

உடையார் மீசையைத் தடவிக்கொண்டு, “குளித்தலைத் தாலுகாவுலயே லிபியாவுக்குப் போனவன் எம் மகன் ஒருத்தன்தான். கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்” என்றார்.

13 ஏப்ரல், திங்கள்

உளவாளி ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை என்றதும் தேவசகாயம் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு வெகுநேரம் யோசித்து, “அவுகளுக்கே இவ்வளவு தெரியுதுன்னா, எங்கெங்க ஓட்டை இருக்குன்னு அவுகளே சொல்லட்டுமே” என்றார்.

அதன்படி, வாரம் ஒருமுறை ஆசிரியை ஓட்டைகளைப் பட்டியலிட்டுத் தருவார். தபாலில் அனுப்புவது ஆபத்து என்பதால் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் நேரில் போய் வாங்கிவர வேண்டும். தபாலில் ஆபத்து என்பதை எடுத்துச் சொன்னவன் நான்தான். பத்திரிகையின் நலன் கருதிச் சொன்னேன்.

19 ஏப்ரல், ஞாயிறு

குளித்தலை. பட்டியல் வாங்கினேன். ஓட்டைகள் ஒன்பது. அதில் ஆறு என்னுடையவை.

26 ஏப்ரல், ஞாயிறு

குளித்தலை. ஓட்டைகள் இரண்டுதான். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆனாலும் அடுத்த ரயில் நாலு மணிக்குத்தான். (ஒரு மணிக்கும் ஒன்று உண்டு. அதில் கூட்டம் அதிகம் என்று கேள்வி.)

3 மே, ஞாயிறு

குளித்தலை. புது பிளேடு ஒன்றை சென்னைக்காரர் ஒருவரிடம் என் குடையைக் கொடுத்து வாங்கினேன். மழைக்காலம் தொலைவில் இருக்கிறது.

உடையார் பேச்சுவாக்கில், செங்கமலத்துக்கு மூன்று வரன்கள் வந்து மூன்றையும் மகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். “தம்பி எங்க இருக்கான், உசிரோட இருக்கானான்னு தெரியாம நான் மாலை போட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்னு சொல்லிருச்சு. நானும் வற்புறுத்தல.”

செய்திக்காக இதைக் குறித்து வைக்கிறேன்.

7 மே, வியாழன்

பத்திரிகை தொடங்கிய நாள் முதல் இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை.

நான்காம் பக்கத்தில் அருகருகே இரண்டு செய்திகள். ஒன்று பர்மா யுத்தம். மற்றொன்று ஒரு புகையிலை வியாபாரி வீட்டுக் கல்யாணம். இரண்டும் ‘ஓரிடத்தில்’ என்ற கட்டையில்தான் தொடங்குகின்றன. இன்னாசி பக்கம் கட்டும்போது வரிகள் தடம் மாறிவிட்டன. புரூஃப் பார்த்தவன் நான். இன்று காலை நான் சற்று வேறு ஏதோ யோசனையில் இருந்திருக்கிறேன். அச்சான செய்தி இது:

‘ஓரிடத்தில் நேற்று நல்ல முகூர்த்தத்தில் மணமகன் மணமகள்மீது நாற்பது குண்டுகளை வீசினார். இரு தரப்பிலும் சேதம் சிறிதே. பெரியோர்கள் அட்சதை தூவினர். பிறகு எதிரிகள் யாவரும் விருந்துண்டு, தாம்பூலம் பெற்றுப் பின்வாங்கினர்.’

முந்நூறு பிரதிகள் போன பிறகுதான் இன்னாசி படித்துவிட்டு மிஷினை நிறுத்தினார். அந்த முந்நூறும் திருச்சி டவுனுக்குள் விற்றுத் தீர்ந்தன. வெளியூர்ப் பிரதிகள் எல்லாம் திருத்தி அச்சிட்டவை. சாயங்காலம் புகையிலை வியாபாரி நாலு பேருடன் வந்தார். ஆசிரியர் கழிவறையில் இருந்து வரவே இல்லை. நான் பேசிச் சமாளித்தேன். ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியதைக் கண்டேன்.

10 மே, ஞாயிறு

குளித்தலை. கல்யாணச் செய்தியைப் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு வருவது திருத்திய பிரதி. தெரியவும் வேண்டாம். புரூஃபில் கவனக்குறைவானவன் என்று ஓர் ஆசிரியை நினைப்பது தொழிலுக்கு நல்லதல்ல.

7 ஜூன், ஞாயிறு

குளித்தலை. நல்லமுத்துவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். பம்பாய் முத்திரை, மேலே ராணுவத் தபால் எண். செங்கமலம் முகம் மலர்ந்திருந்தது. கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. “வழக்கம்போல மணல், வெயில், கம்பளி” என்றார். “கடைசியில ஏதோ உளறியிருக்கான். பாலைவனத்து வெயில் தலையில ஏறிடுச்சோன்னு பயமா இருக்கு.”

ஓட்டைகள் ஒன்றுமில்லை. இரண்டரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசினோம்.

22 ஜூன், திங்கள்

டோப்ருக் விழுந்துவிட்டது.

காலை ஒன்பதரைக்குத் தந்தி வந்தது. லிபியாவில் பல்லாயிரம் பேர் சிறைப்பட்டார்கள். நம் பட்டாளத்தவரும் அதில் இருக்கிறார்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். முதன்முதலாக ‘ஓரிடத்தில்’ என்று போட்டுவிடலாமா என்று எனக்கே தோன்றியது. தேவசகாயம் எட்டிப் பார்த்து, “இதுக்கு ஊர்ப்பேரு போடலாம் தம்பி. உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு” என்றார்.

போட்டேன். ஐந்து மணிக்குக் குளித்தலையில் பத்திரிகைக் கட்டு இறங்கும்.

24 ஜூன், புதன்

ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க முடியவில்லை. லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

சோடாக்கடை மூடியிருந்தது. உடையார் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குரல் போன இடம் தெரியவில்லை. “லிபியா லிபியான்னு நான்தான் தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப வர்றவன் எல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி பாக்கறான்” என்றார்.

செங்கமலம் அழவில்லை. தகர டப்பாவை என் முன்னால் வைத்தார். “நீங்க மறைக்கிற தொழில் பண்றவர். நான் பாக்காத ஏதாவது உங்க கண்ணுல படுதான்னு பாருங்க. அவன் டோப்ருக்குல இல்லைங்கறதுக்கு ஒரே ஒரு வரி போதும்.”

பதினோரு கடிதங்கள். முதலிலிருந்து படித்தேன். மணல். வெயில். கம்பளி. ‘எதிரே பெரிய பாறை தெரிகிறது.’ ‘சங்கு ஊதினால் எழுந்திருக்கிறோம்.’ ‘ஞாயிற்றுக்கிழமை சந்தையில் காராபூந்தி வாங்கினேன்.’ லிபியாவில் காராபூந்தி கிடைக்குமா என்று கேட்டேன். அரபிக்காரர்கள் அதுபோல ஏதோ செய்வார்கள் என்று தாம் எண்ணியதாகச் செங்கமலம் சொன்னார்.

கடைசிக் கடிதம். அதன் கடைசி வரி.

‘நேற்று சாயங்காலப் பேப்பரில் ஒரு மாப்பிள்ளை பெண் மேல் நாற்பது குண்டு போட்டானாமே! எதிரிகள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார்களாம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.’

“இதைத்தான் உளறல்னு சொன்னேன்” என்றார் செங்கமலம்.

கடிதத்தின் மேலே தேதி பார்த்தேன். 8 மே. என் காது இரண்டும் சூடாயின. முந்நூறு பிரதிகள். திருச்சி டவுனைத் தாண்டி ஒன்றுகூடப் போகவில்லை. ஏழாம் தேதி சாயங்காலம் அதைக் கையில் வைத்துச் சிரித்தவன் லிபியாவில் இருக்க முடியாது. மணல் என்றால் கோடைகாலத்துக் காவிரி. பாறை என்றால் பொன்மலை. சங்கு ரயில்வே பட்டறைச் சங்கு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பொன்மலைச் சந்தை. நான் அங்கே எத்தனை முறை காராபூந்தி வாங்கியிருக்கிறேன்! என் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறான் பையன். அவன் கடிதம்தான் பம்பாய் சுற்றி நாலு வாரம் கழித்து இங்கே வருகிறது.

ஆனால் பட்டாளம் முகாம் போட்டிருக்கும் இடத்தை வெளியே சொன்னால் சிறை. அந்த உத்தரவை முதல் பக்கத்தில் பெட்டி கட்டி வெளியிட்டவனே நான்.

“அவன் டோப்ருக்குல இல்லை” என்று மட்டும் சொன்னேன்.

“எங்க இருக்கான்?”

“அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.”

“எப்படித் தெரியும்?”

அதைச் சொல்ல வேண்டுமானால் குண்டு போட்ட மாப்பிள்ளைக்குப் புரூஃப் பார்த்தது யார் என்றும் சொல்ல வேண்டும். சொன்னேன். செங்கமலம் என்னை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தாள். பிறகு மூன்று நாளாக அடக்கியிருந்த அழுகையும் சிரிப்பும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. உடையார் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

25 ஜூன், வியாழன்

தேவசகாயத்திடம் போனேன். பெயர் சொல்லாமல், இடம் சொல்லாமல் விஷயத்தை விளக்கினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேட்டுவிட்டு நீலப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார்.

“நீங்க எனக்கு ஒண்ணும் சொல்லலை. நானும் ஒண்ணும் கேக்கலை.”

“சரி சார்.”

“ஆனா ஞாயித்துக்கிழமை ஒரு குடும்பம் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போறதுக்குச் சட்டத்துல தடையே கிடையாது. நான் ரெண்டு தடவை புரட்டிப் பாத்துட்டேன்.”

சந்தை என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை.

28 ஜூன், ஞாயிறு

உடையாரும் செங்கமலமும் காலை ரயிலில் வந்தார்கள். “சந்தைக்குப் போகலாம், காய்கறி மலிவு” என்றேன். குளித்தலையில் இல்லாத காய்கறியா என்று உடையார் முனகிக்கொண்டே வந்தார். செங்கமலம் வேகமாக நடந்தாள்.

பொன்மலைச் சந்தையில் கூட்டம். கருவாட்டுக் கடை வரிசை தாண்டி, ஓர் ஆட்டுக் குட்டிக்குக் காராபூந்தி ஊட்டிக்கொண்டு ஒரு சிப்பாய் நின்றான். காக்கிச் சட்டை அவனைவிட இரண்டு மடங்கு பெரியது. செங்கமலம் நின்றுவிட்டாள். அவன் நிமிர்ந்தான். அக்காவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், ஒரே பாய்ச்சலில் கருவாட்டுக் கூடைகளுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான். ஆட்டுக்குட்டியும் கூடவே போய்விட்டது.

“வெளியே வாடா!” உடையாரின் குரல் திரும்பி வந்துவிட்டது. சந்தையே திரும்பிப் பார்த்தது.

“ஷ்! அப்பா! என் பேரைச் சொல்லாதீங்க. நான் ஓரிடத்துல இருக்கேன்!” என்று கூடைக்குப் பின்னாலிருந்து கெஞ்சினான் நல்லமுத்து.

உடையார் அவன் காதைப் பிடித்து வெளியே இழுத்தார். பிறகு அந்தக் காதையே விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார். செங்கமலம் அவன் தலை, தோள், கைகள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

அவன் சொன்ன கதை இதுதான். புறப்படும்போது வீரம் பேசிவிட்டுப் போனான். கண் பரிசோதனையில் தூரப் பார்வை போதாது என்று துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு கிடங்கில் விட்டுவிட்டார்கள். பட்டாளத்துக்கு வரும் கம்பளிகளை எண்ணுவது, உதறுவது, மடிப்பது. பூச்சி உருண்டை வைப்பது.

“திருச்சி வெயில்ல கம்பளி மடிச்சுக்கிட்டு இருக்கேன்னு எப்படிப்பா எழுதறது? பொய்யும் எழுத மனசு வரல. ஓரிடத்துலன்னு போட்டா பொய்யும் இல்ல, நிஜமும் இல்ல. அக்கா லிபியான்னு எழுதினப்ப, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“பாவி! நாங்க மூணு நாள் உலை வைக்கலடா” என்றாள் செங்கமலம். உடனே காராபூந்தியை அவன் கையிலிருந்து பிடுங்கித் தானே தின்ன ஆரம்பித்தாள்.

குளித்தலைக்காரர்களிடம் இப்போது என்ன சொல்வது என்று உடையாருக்குக் கவலை வந்துவிட்டது. திரும்பும்போது கூடையில் ஒரு காய்கறிகூட இல்லை என்று ஸ்டேஷனில்தான் கவனித்தோம்.

5 ஜூலை, ஞாயிறு

குளித்தலை. ஊருக்குள் இருக்கிற சேதி: நல்லமுத்து லிபியாவில் எதிரியிடமிருந்து பல்லாயிரம் கம்பளிகளைக் கைப்பற்றிவிட்டானாம். உடையாரிடம் கேட்டேன். “கைப்பத்தினான்னு நான் சொல்லல. கம்பளின்னுதான் சொன்னேன். மீதியை அவங்களே போட்டுக்கிட்டாங்க” என்றார்.

12 ஜூலை, ஞாயிறு

குளித்தலை. தேவசகாயம் வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகப் போகிறார். ஓட்டைப் பட்டியல் இனி வேண்டியதில்லை என்று போன செவ்வாயே சொல்லிவிட்டார். இதைத் தெரிவிப்பதற்காகவே போனேன். தபாலிலும் தெரிவித்திருக்கலாம்.

செங்கமலம் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அப்ப அடுத்த ஞாயிறு என்ன காரணம் சொல்லிக்கிட்டு வருவீங்க?” என்றாள்.

நான் இரண்டு மூன்று காரணங்களைத் தொடங்கினேன். ஒன்றும் முடியவில்லை.

“நீங்க எழுதறதுல என்ன மறைச்சிருக்குன்னு நாலு மாசமாப் படிச்சுக்கிட்டு இருக்கேன். ரொம்பச் சுலபம்னு அன்னைக்கே சொன்னேனே. அப்பா கடையில இருக்கார். போய்ப் பேசுங்க. இஞ்சி சோடா குடுத்தா மட்டும் வாங்காதீங்க.”

வாங்கவில்லை. பேசினேன். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நாட்குறிப்பில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வேட்டி வெளுப்பிலிருந்து வந்துவிட்டது.

25 ஜூலை, சனி

தேவசகாயம் விடைபெற வந்தார். கிளம்பும்போது, “தம்பி, நாளைக் காலைல ஒம்பது மணிக்கு ஜங்ஷன்ல கடைசி பிளாட்பாரத்துல காத்து ரொம்ப நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டேன். கம்பளி இனிமே வேற ஆளுங்க மடிப்பாகளாம்” என்றார்.

புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஓடிப்போய்க் குளித்தலைக்குத் தந்தி கொடுத்தேன். உள்ளதை எழுத முடியாது. ‘நாளைக் காலை திருச்சி ஜங்ஷனில் சோடா அவசரமாகத் தேவை. மகளுடன் வரவும்’ என்று எழுதினேன்.

26 ஜூலை, ஞாயிறு

அவர்கள் நிஜமாகவே சோடாவுடன் வந்து இறங்கினார்கள். நாற்பத்தெட்டு பாட்டில்கள், இரண்டு பெட்டிகளில். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார் உடையார். கடைசி பிளாட்பாரத்தைக் காட்டினேன்.

பட்டாள ரயில் நின்றிருந்தது. நல்லமுத்து ஜன்னலோரம். பக்கத்தில் எல்லாருமே அவன் வயதுப் பிள்ளைகள்தான். எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவனுக்குத் தெரியாது. முகம் வெளுத்திருந்தது.

“எனக்குத் துப்பாக்கி குடுத்துட்டாங்க அக்கா. இப்ப கண்ணு பரவாயில்லையாம்” என்றான்.

செங்கமலம் அவன் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டாள். அது ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது. கழற்றி மறுபடியும் மாட்டினாள்.

உடையார், “கம்பளியே மடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாமேடா” என்றார். அவ்வளவுதான் வந்தது. சட்டென்று திரும்பிச் சோடாப் பெட்டியைத் திறந்து, அந்த ரயில் பெட்டியில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சோடா உடைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். நானும் உடைத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. ரயில் பெட்டி முழுவதும் ஏப்பமும் சிரிப்பும்.

அதற்குள் வண்டி ஊதிவிட்டது.

கோலி சோடா பாட்டில் யுத்தத்தால் எங்கும் கிடைப்பதில்லை. ஒன்று போனால் போனதுதான். “பாட்டிலு! பாட்டிலைக் குடுங்கடா!” என்று கத்திக்கொண்டு உடையார் வண்டியோடு ஓடினார். பிள்ளைகள் குடித்தும் குடிக்காமலும் ஜன்னல் வழியே நீட்டினார்கள். நான் ஒரு பக்கம், செங்கமலம் ஒரு பக்கம் வாங்கி வாங்கி மடியில் போட்டுக்கொண்டு ஓடினோம். பிளாட்பாரத்தில் இருந்த மற்றவர்களும் ஓடி வந்து வாங்கினார்கள். கடைசியாக நல்லமுத்து தன் பாட்டிலை நீட்டினான். உடையார் கைக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“நீ வச்சுக்கடா. திரும்பி வந்து நீயே கடையில குடு!”

வண்டி போய்விட்டது. உடையார் மூச்சு வாங்கிக்கொண்டு பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். செங்கமலம் பாட்டில்களைப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“நாப்பத்தேழுதாம்ப்பா இருக்கு.”

“சரியாத்தாம்மா இருக்கு” என்றார் உடையார்.